ஆள் தேறிவிட்டார், அட்மிட் செய்தாயிற்று

யார் வீட்டிலிருந்து கிளம்பினாலும் "போயிட்டு வரேன்" என்று சொல்லித்தான் நமக்குப் பழக்கம். வெறுமனே "போறேன்" என்று சொல்லிவிட்டால் வீட்டுக்காரர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். அந்த மரியாதையைக் கொஞ்சம் ஒதுக்கி வைக்கவேண்டிய இடம் ஒன்று உண்டென்றால் அது ஆஸ்பத்திரி வாசல். அங்கே மட்டும் தைரியமாகப் "போறேன்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடையைக் கட்டிவிட வேண்டும். ஆனால் ஓர் இனத்தார் இருக்கிறார்கள். டிஸ்சார்ஜ் ஆகிற அன்று டாக்டரிடம், நர்ஸிடம், சக்கர நாற்காலி தள்ளுகிறவரிடம், லிப்ட்டில் கூட வருகிற முன்பின் தெரியாதவரிடம் எல்லாம், "இனிமே இந்தப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்க மாட்டேன்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போவார்கள். வந்துவிடுவார்கள். அவர்கள் படுத்த கட்டிலுக்குத் தலையணை உறை மாற்றுவதற்குள் வந்துவிடுவார்கள்.

இந்த இனத்துக்கு நான் வைத்திருக்கும் பெயர் மறுவரவு மன்னர்கள். நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். வார்டில் மற்றவர்களெல்லாம் சுருண்டு படுத்திருக்க, ஒருவர் மட்டும் சட்டையை உள்ளே விட்டு, பெல்ட் கட்டி, தலைசீவி, பையைக் காலடியில் வைத்துக்கொண்டு, கட்டிலின் விளிம்பில் ரயிலுக்குக் காத்திருப்பவர்போல உட்கார்ந்திருப்பார். புறங்கையில் ஏற்றிய ஊசிக்குழாய் இன்னும் அப்படியே இருக்கும். டாக்டர் வந்து, என்னென்ன செய்ய வேண்டும், என்னென்ன கூடாது என்று சொல்லத் தொடங்கியதும் இவர் தலையாட்டத் தொடங்குவார். அந்தத் தலையாட்டலைக் கவனித்திருக்கிறீர்களா? புரிந்துகொண்டேன் என்கிற தலையாட்டல் ஒன்று உண்டு. இது அதில்லை. "சரி சரி, சீக்கிரம் முடி" என்கிற தலையாட்டல். கல்யாண வீட்டில் பாட்டுக் கச்சேரி ஓயட்டும் என்று பந்திக்குக் காத்திருப்பவர்கள் ஆட்டுவார்களே, அதே தினுசு.

இவர்களைப் பொறுத்தவரை டிஸ்சார்ஜ் என்பது கோர்ட்டில் விடுதலையான மாதிரி. குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஆசாமி நிரபராதி, அவ்வளவுதான். விடுதலையான பிறகு யாராவது போலீஸ் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடச் சொன்னால் கோபம் வருமா வராதா? மாத்திரையைப் பார்த்தால் இவர்களுக்கு அந்தக் கோபம்தான் வரும். "எனக்கு இப்ப ஒண்ணுமில்ல. ஒண்ணுமில்லாதவனுக்கு எதுக்கு மாத்திரை?" அந்த ஒன்றுமில்லாத நிலையைக் கொண்டுவந்ததே மாத்திரைதான் என்று சொன்னால், நம்மைப் பாவம் அப்பாவி என்கிற மாதிரி பார்ப்பார்கள்.

இந்த இனத்தில் உட்பிரிவுகள் ஏராளம். குடலிறக்க ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்ததும், தான் பழையபடி ஆகிவிட்டதை மனைவிக்குக் காட்ட பீரோவை ஒற்றை ஆளாக நகர்த்திய பேங்க் காசாளர் ஒருவரை எனக்குத் தெரியும். பீரோ நகர்ந்தது, தையலும் நகர்ந்தது. சர்க்கரைப் புண்ணுக்குப் போட்ட கட்டைப் "புண்ணுக்குக் காத்து வேணும்ல" என்று பிரித்துப் போட்டுவிட்டுத் தோட்டத்துக்கு மண் கொத்தப் போன தலைமையாசிரியர் ஒருவர் உண்டு. கண் ஆபரேஷன் செய்துகொண்ட இன்னொருவர், கண் எவ்வளவு தெளிவாகத் தெரிகிறது என்று சோதித்துப் பார்க்க வெங்காயம் நறுக்க உட்கார்ந்தார். இவர்கள் எல்லோரும் சிற்றரசர்கள். பேரரசர் எங்கள் வீட்டில் இருக்கிறார். என் அக்காவின் கணவர்.

அத்தான் ஊர் எல்லையில் எடைமேடை வைத்திருப்பவர். தெரியுமல்லவா, நெடுஞ்சாலை ஓரத்தில் லாரியை அப்படியே ஏற்றி நிறுத்தி எடை பார்ப்பார்களே, அது. வெறும் வண்டி இவ்வளவு, லோடோடு இவ்வளவு, கழித்தால் சரக்கு இவ்வளவு என்று ஆயுள் முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தவர். தூரத்தில் வருகிற லாரியின் டயர் அமுங்கியிருப்பதைப் பார்த்தே உள்ளே மணலா, மரமா, பஞ்சா என்று சொல்லிவிடுவார். அவரை ஏமாற்றி ஒரு டிரைவரும் அந்த மேடையைக் கடந்ததில்லை. இந்தப் பெருமையைத் தினமும் சொல்லிக்கொண்டிருந்த அவருக்கு இதயம் பலவீனமாகிவிட்டது. ஒரு தடவை மூச்சுத் திணறி ஆஸ்பத்திரியில் சேர்த்து, தேறி வந்து, மாத்திரையை விட்டு, மறுபடி சேர்த்து, மறுபடியும் தேறி, டிஸ்சார்ஜ் ஆகிற நாளில்தான் நம் கதை ஆரம்பம்.

டாக்டரம்மா கட்டில் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து சொன்னார்.

"ஐயா, நல்லாக் கேட்டுக்கங்க. உங்க இதயத்துக்குத் தள்ளுற சக்தி குறைஞ்சுபோச்சு. அதனால உடம்புல நீர் தங்குது. அது நுரையீரலுக்குப் போனா மூச்சு விட முடியாது. இது ரெண்டாவது தடவை. இன்னொரு தடவை இப்படி வந்தீங்கன்னா, காப்பாத்திடுவேன்னு என்னால வாக்குக் கொடுக்க முடியாது."

அக்கா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அத்தான் தலையாட்டினார்.

"இந்தச் சின்ன வெள்ளை மாத்திரை, நீர் பிரியறதுக்கு. இதை ஒரு நாள்கூட விடக் கூடாது. உப்பைக் குறைக்கணும். தண்ணி அளவாத்தான் குடிக்கணும். அப்புறம் தினமும் காலையில எடை பாருங்க. எடை சட்டுனு ஏறினா..."

"எடையா!" அத்தான் முகத்தில் அத்தனை நாளாகக் காணாத ஒளி. "அதை என்கிட்ட விட்டுடுங்க டாக்டர். நம்ம தொழிலே அதுதானே!"

டாக்டரம்மா விடவில்லை. "ஏறினா உடனே எனக்குப் போன் பண்ணணும்" என்று அக்காவைப் பார்த்துச் சொல்லி முடித்தார். அக்கா காதில் அது விழுந்தது. அத்தான் காதில் எடை என்கிற சொல்லோடு கடை சாத்தியாகிவிட்டது.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக முன்னறையில் கைவைத்த நாற்காலி ஒன்றைச் சுவரை ஒட்டிப் போட்டு, எதிரே மற்ற நாற்காலிகளை வரிசையாக வைக்கச் சொன்னார். ஏன் என்கிறீர்களா? பார்க்க வருகிறவர்கள் உட்கார வேண்டாமா? மறுவரவு மன்னர்களுக்கு நோயைவிட முக்கியம் நோயைப் பற்றிய கதை. அத்தானின் கதை நல்ல நீளம். மூச்சு முட்டியது, கார் பறந்தது, கதவுகள் படபடவென்று திறந்தது, இரண்டு நர்ஸுகள் ஓடி வந்தது என்று தொடங்கும். சொல்லச் சொல்ல நர்ஸுகள் நான்காகி, ஆறாகி, ஒரு கட்டத்தில் ஆஸ்பத்திரியில் மற்ற நோயாளிகளைப் பார்க்க ஆளே இல்லை என்றாகிவிட்டது. டயர்க்கடைக்காரர் வந்தார். எதிர்வீட்டுத் தையற்காரர் வந்தார். எடைமேடைக்கு வாடிக்கையாக வருகிற டிரைவர்கள் லாரியைத் தெருமுனையில் நிறுத்திவிட்டு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வந்தார்களா? உப்பு பிஸ்கட்டும் வறுத்த கடலையும் வாங்கிக்கொண்டு வந்தார்கள்.

முதல் நாள் நீர் மாத்திரையை ஒழுங்காகப் போட்டுக்கொண்டார். அது தன் வேலையை ஒழுங்காகச் செய்தது. டயர்க்கடைக்காரரிடம் கதை சொல்லிக்கொண்டிருந்தவர், கதவுகள் படபடவென்று திறக்கும் கட்டத்தில் எழுந்து பாத்ரூமுக்கு ஓடினார். வந்து உட்கார்ந்து, நர்ஸுகளை ஓடிவர வைத்தார். மறுபடி எழுந்து ஓடினார். திரும்பி வந்து பார்த்தால் டயர்க்கடைக்காரர் தன்னுடைய பித்தப்பைக் கல்லைப் பற்றித் தையற்காரரிடம் விலாவாரியாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்! தையற்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்! ஒரு மனிதனுக்குத் தன் வீட்டிலேயே, தன் நாற்காலிக்கு எதிரிலேயே இப்படி ஓர் அவமானம் நடந்தால் எப்படி இருக்கும்?

மறுநாள் காலை மாத்திரையோடு வந்த அக்காவிடம், "அங்க வை. எல்லாரும் போனப்புறம் போட்டுக்கறேன்" என்றார். எல்லோரும் எப்போது போனார்கள்? ஒருவர் போக இருவர் வந்தார்கள். அக்கா நினைவுபடுத்தினால், "போட்டாச்சு போட்டாச்சு" என்று கையை வீசினார். மாத்திரை சட்டைப் பையில் கிடந்தது. அப்புறம் சட்டையோடு துவைக்கப் போனது. இப்படியாக அக்கா வீட்டில் மிக நன்றாக நீர் பிரிந்தது வாஷிங் மெஷினுக்குத்தான்.

எடை பார்ப்பதை மட்டும் ஒரு நாளும் விடவில்லை. அதற்கென்று ஒரு சடங்கே உண்டாக்கிவிட்டார். எடை மெஷினைத் தரையில் மட்டம் பார்த்து வைப்பார். முள் பூஜ்யத்தில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். மேஜைமேல் இருக்கும் பொருட்களை ஏற்றி ஒரு தடவை பரிசோதிப்பார். பிறகு மெதுவாக ஏறி நின்று, மூச்சை அடக்கி, லாரி டிரைவருக்குச் சொல்லும் அதே குரலில் எடையை அறிவிப்பார். தெருவுக்கே கேட்கும். ஒவ்வொரு நாளும் முந்தின நாளைவிடக் கொஞ்சம் கூடுதல்.

"பாத்தியா? ஏறிக்கிட்டே இருக்கு! வீட்டுச் சாப்பாடுன்னா சும்மாவா?"

"என்னங்க, எடை ஏறினா போன் பண்ணச் சொன்னாங்களே?"

"சட்டுனு ஏறினாத்தான்னு சொன்னாங்க. எனக்கு நிதானமாத்தானே ஏறுது!"

என்ன சொல்வீர்கள் இதற்கு? வெளியூரில் இருக்கும் மகள் போனில், "அப்பா, முகமெல்லாம் பூரிச்சுப்போயிருக்கு!" என்று வீடியோவில் பார்த்துக் குதித்தாள். வந்தவர்கள் எல்லோரும் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னார்கள்: "ஆள் நல்லாத் தேறிட்டீங்க!" நம் ஆட்களிடம் இது ஒரு பழக்கம். உடம்பு இளைத்தால் நோய், பருத்தால் சுகம், தீர்ந்தது மருத்துவம். கன்னம் உப்பியது, தேறிவிட்டார். பெல்ட்டுக்கு ஓட்டை போதவில்லை, தேறிவிட்டார். செருப்புக்குள் கால் நுழையவில்லை, அதற்கும் தேறிவிட்டார்தான். "மாப்ள, இந்த வயசுல எனக்குக் காலு வளருதுடா!" என்று என்னிடம் பெருமையாகக் காட்டி, அடுத்த அளவில் புதுச்செருப்பு வாங்கிவரச் சொன்னார்.

"எந்த ஊர்லங்க பல்லு விழுற வயசுல காலு வளரும்?" என்றாள் அக்கா. சபையில் அது எடுபடவில்லை.

படுத்தால் மூச்சு முட்டியதால் ஒரு தலையணை இரண்டானது, இரண்டு மூன்றானது. கடைசியில் அந்தக் கைவைத்த நாற்காலியிலேயே உட்கார்ந்தபடி தூங்க ஆரம்பித்தார். அதையும் "ராஜா மாதிரி தூங்கறேன்" என்று வருணித்தார். அக்கா போனைக் கையில் எடுத்தால், "எதுக்கு? நான் நல்லா இருக்கேன்னு டாக்டருக்குத் தெரியப்படுத்தணுமா?" என்று வாங்கி வைத்துக்கொண்டார். கடைசியில் அக்கா மாடிக் குடித்தனக்காரர் போனை வாங்கி என்னைக் கூப்பிட்டாள். "நீ உடனே வாடா. எனக்கு மனசே சரியில்ல. அவரு கால்ல விரலை வச்சு அழுத்தினா குழி விழுது. குழி அப்படியே நிக்குது. இன்னொரு தடவைன்னா வாக்குக் கொடுக்க முடியாதுன்னு அந்தம்மா சொன்னது என் காதுலயே கேட்டுக்கிட்டு இருக்கு."

நான் போய்ச் சேர்ந்தபோது ஞாயிற்றுக்கிழமை நண்பகல். சபை நிறைந்திருந்தது. "அத்தான், ஒரு எட்டு போய்க் காட்டிட்டு வந்துடலாமே" என்றேன். "கதை முடியட்டும் மாப்ள" என்றார். கதை உச்சத்தில் இருந்தது. அவரைப் பரிசோதித்த பெரிய டாக்டர் அவர் இதயத்தைப் பற்றி என்ன சொன்னார் என்கிற இடம். (பெரிய டாக்டர் அவரைப் பார்க்கவே இல்லை என்பது வேறு விஷயம்.)

"டாக்டரு என்ன சொன்னாருங்கறீங்க? ஐயா... உங்க... இதயம்... இரும்... இரும்..."

அதற்குமேல் வரவில்லை. நாற்காலியின் கைகளைப் பிடித்துக்கொண்டு முன்னால் சாய்ந்தார். தோள் ஏறி ஏறி இறங்கியது. "பாவம், உணர்ச்சிவசப்பட்டுட்டாரு" என்று ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் மெல்லக் கைதட்டக்கூடச் செய்தார்.

அக்கா உள்ளேயிருந்து வந்தாள். ஒரே பார்வைதான். "டேய், வண்டிய எடு" என்றாள்.

சொல்வதற்கென்ன வெட்கம், சாவியைத் துளையில் நுழைக்கவே முடியவில்லை. பின்சீட்டில் அவர் மூச்சு இழுக்கிற சத்தம், வண்டிச் சத்தத்தையும் மீறிக் கேட்டது. உதடு நீலமாகிக்கொண்டு வருகிறது, அந்த நிலையிலும் அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு மனிதர் சொல்கிறார்: "இன்னைக்குக்கூட... எடை... ஏறித்தான்... இருந்துச்சு..."

அவசரப் பிரிவில் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கைப் பொருத்தி, ஊசி போட்டு, ஓடிய நர்ஸுகள் நிஜமாகவே இருவர்தான். டாக்டரம்மா வந்தார். எடை எவ்வளவு என்று கேட்டார். அக்கா சொன்னாள். டாக்டரம்மாவுக்கு வந்த கோபத்தைப் பார்த்து நானே ஓரடி பின்னால் போய்விட்டேன்.

"ஐயா, உங்க மேடைக்கு ஒரு லாரி வருது. காலையில பாத்த எடையைவிடச் சாயங்காலம் அதிகமா இருக்கு. என்ன அர்த்தம்?"

மாஸ்க்குக்குள்ளிருந்து பதில் வந்தது: "லோடு... ஏத்தியிருக்கான்..."

"லாரி தேறிடுச்சுன்னு கைதட்டுவீங்களா?"

மாஸ்க்குக்கு மேலே இரண்டு கண்கள் மட்டும் தெரிந்தன. அவரை ஏமாற்றி ஒருவன் முழு லோடோடு மேடையைக் கடந்துவிட்டான், அந்த ஒருவன் யார் என்பதும் அவருக்கு விளங்கிவிட்டது.

வராந்தாவில் அக்கா நின்றுகொண்டிருந்தாள். நான் பக்கத்தில் போனதும் படபடவென்று கொட்டித் தீர்த்தாள். "எனக்கு அழுகை வரலடா, ஆத்திரம்தான் வருது. நாலு பேரு முன்னாடி எழுந்து பாத்ரூமுக்குப் போக மனுஷனுக்குக் கௌரவக் குறைச்சலாம். அதுக்காக என்னை விட்டுட்டுப் போகத் துணிஞ்சுட்டாரு பாத்தியா? இவரு போயிட்டா அந்த வீட்ல நான் யாரோடடா சண்டை போடுவேன்?" என்றாள். சொல்லி முடித்தபோது அழுகையும் வந்துவிட்டது. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

பிழைத்துக்கொண்டார். இரண்டு நாள் இழுபறிக்குப் பிறகு, தங்கியிருந்த நீரெல்லாம் வடிந்து, மூச்சு சமமாகி, ஜன்னலோரக் கட்டிலுக்கு மாற்றினார்கள். நர்ஸ் சிரித்துக்கொண்டே, "வாங்க சார், உங்க இடம்தான்" என்றார். அத்தான் அவர் நீட்டிய மாத்திரையை வாங்கி அங்கேயே விழுங்கினார்.

இத்தோடு மனிதர் திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? நீங்கள் ரொம்ப நல்லவர். நீர் வடிந்து வீட்டுக்கு வந்தவரின் கன்னம் ஒட்டியிருந்தது, சட்டை தொளதொளத்தது. டாக்டர் கணக்கில் அதுதான் சரியான உடம்பு. சபையோர் விடுவார்களா? "ஐயையோ, என்னங்க இப்படி இளைச்சுட்டீங்க! ஆஸ்பத்திரியில சோறே போடலையா?" என்று வாசலிலேயே ஆரம்பித்தார்கள். அத்தானின் கை தானாகக் கன்னத்தைத் தடவிப் பார்த்தது. தூக்கிவாரிப்போட்டது எனக்கு. மூன்று முறை செத்துப் பிழைத்த ஆளை மறுபடி கட்டிலில் கிடத்த, அனுதாபத்தோடு சொன்ன ஒரு வார்த்தை போதும்.

அக்கா நேரே முன்னறைக்குப் போனாள். அந்தக் கைவைத்த நாற்காலியை இழுத்துக்கொண்டு போய்ப் பாத்ரூம் கதவை ஒட்டிப் போட்டாள். "இனிமே சபை இங்கதான். கேக்கறவங்க நடையில நின்னு கேக்கட்டும்." பிறகு மாத்திரையைக் கொடுத்து, தண்ணீரை அளந்து கொடுத்து, "வாயத் திறங்க. நாக்கத் தூக்குங்க" என்று சின்னப் பிள்ளையைச் சோதிப்பதுபோலச் சோதித்தாள். எடை அறிவிப்பு இப்போது அவள் வேலை. ஏறினால் அவர் வாயைத் திறப்பதற்குள் போன் டாக்டருக்குப் போய்விடும். அத்தான் கதை நடுவில் எழுந்து உள்ளே போகும்போதெல்லாம், அவர் விட்ட இடத்திலிருந்து அக்கா தொடர்கிறாள். அவள் சொல்லும் கதை சின்னது. அதில் பெரிய டாக்டர் கிடையாது, நீல உதடு உண்டு. கேட்டவர்கள் சத்தமில்லாமல் நழுவிப் போய்த் தத்தம் வீட்டு மாத்திரைகளைத் தேடுவதாகக் கேள்வி.

இதையெல்லாம் எழுதி முடித்ததும் அத்தானிடம் போய்ப் படித்துக் காட்டினேன். பெயர் எதுவும் இல்லாததால் கொஞ்சம் தைரியம் இருந்தது. மனிதர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். சமையலறையில் இருந்த அக்கா கரண்டியோடு வந்து நடையில் நின்று, அந்தச் சிரிப்பு நடுவில் திணறாமல் கடைசிவரை போகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். போயிற்று. அவள் திரும்பி உள்ளே போனாள். அத்தான் கண்ணைத் துடைத்துக்கொண்டு, என் தொடையில் ஓங்கித் தட்டிச் சொன்னார்:

"பிரமாதம் மாப்ள! அப்படியே எங்க சித்தப்பா மகனைப் பாத்த மாதிரியே இருக்கு! கொஞ்சம்கூடச் சொன்ன பேச்சு கேக்க மாட்டான் பாவி!"

சரி, அவரை விடுங்கள். இவ்வளவு நேரம் சிரித்துக்கொண்டே படித்தீர்களே, நீங்கள் யாரை நினைத்துக்கொண்டீர்கள்?